ஜிம்போச்சோவில் வாங்கிய காபுகி (ஜப்பானின் பழைய மேடை நாடகம்) நடிகர் படம்: ஆள் யார் என்று சொல்ல முடியுமா?

கவாசாக்கி குமரன் · ஞாயிறு, இரவு 9:40

வணக்கம் மக்களே. எனக்கும் ஓவியத்துக்கும் ரொம்ப தூரம், முதல்லயே ஒத்துக்கறேன். (கவாசாக்கின்னா நான் இருக்கற ஊர். பைக் இல்ல. போன இழையில நாலு பேர் சர்வீஸ் பத்திக் கேட்டீங்க.)

இன்னிக்கு டோக்கியோல ஜிம்போச்சோ போயிருந்தேன். தெரு முழுக்கப் பழைய புத்தகக் கடை. மழை வந்துச்சு, ஒரு கடை வாசல்ல ஒதுங்கினேன். அங்க ஒரு அட்டைப்பெட்டி, உள்ள உறை போட்ட மரஅச்சுப் படங்கள். சும்மா தள்ளிப் பார்த்துட்டு இருந்தவன் ஒரு படத்துல நின்னுட்டேன். 8,000 யென். மழை விட்டப்புறமும் கிளம்ப முடியல, வாங்கிட்டேன்.

போட்டோ போட்டிருக்கேன், வெளிச்சம் சரியில்ல, அதனால எழுதியும் சொல்லிடறேன். உயரம் 35 செ.மீ., அகலம் 24. ஒரு வாலிபன் உட்கார்ந்திருக்கான். தலைல கட்டியிருந்த துண்டை அப்பத்தான் அவுக்கற மாதிரி ஒரு கை மேல போயிருக்கு. முகத்துல, கழுத்துல, முழங்கைல எல்லாம் மெல்லிசா சிவப்புக் கோடு, வெட்டுக்காயம் ஆறின தழும்பு மாதிரி. ஆனா பார்த்தா ரவுடின்னு தோணாது. நீள முகம், மெலிஞ்ச மூக்கு, வாய் லேசா ஒரு பக்கம் இறங்கி, இடது பக்கம் யாரையோ முறைக்கிறான். அந்தப் பக்கம் ஆளே இல்ல, தாள் முடிஞ்சிருச்சு.

மேல ஒரு கட்டத்துல எழுத்து இருக்கு. போனைக் காட்டினேன். "வெட்டப்பட்டது, மூன்று கொடு"ன்னு மொழிபெயர்க்குது. யாருக்கு, எதை?

ஆள் யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க. அசலா நகலா? சட்டம் போடலாமா, லேமினேட் பண்ணிடலாமா?

பழையபேப்பர் · ஞாயிறு, இரவு 10:15

லேமினேட் என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. தயவுசெய்து வேண்டாம். பதினைந்து வருடம் முன்பு நான் ஒரு படத்தைச் சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் நல்ல மனிதர், படம் நெளியாமல் இருக்கட்டும் என்று முதுகு முழுக்கப் பசை தடவி அட்டையில் ஒட்டிவிட்டார். இன்றும் அப்படியே இருக்கிறது. பிரிக்கப் போனால் முகம் தனியாக, அட்டை தனியாக வரும்.

அசலா என்று கேட்டீர்கள். படத்தைத் திருப்பிப் பாருங்கள். கையால் தேய்த்து அச்சிட்டதென்றால் சாயம் தாளுக்குள் ஊறிப் பின்பக்கம் நிழல் போலத் தெரியும், சாய்வாகப் பிடித்தால் வட்ட வட்டமாகத் தேய்த்த தடமும் இருக்கும். பிறகு பூதக்கண்ணாடி. நிறம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது நம் காலத்து இயந்திர அச்சு. கையெழுத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். எத்தனை, என்ன வடிவம் என்று எழுதுங்கள். துணியில் என்ன வேலைப்பாடு என்பதையும் விடாமல் பாருங்கள். முகத்தைவிட அது அதிகம் உளறும்.

கவாசாக்கி குமரன் · ஞாயிறு, இரவு 11:05

சார், பார்த்துட்டேன். பின்னாடி நீலமும் கறுப்பும் நல்லாவே ஊறியிருக்கு. வட்டத் தடமும் இருக்கு. புள்ளி இல்ல. மூணு புழு ஓட்டை இருக்கு, அது போனஸ்.

கையெழுத்து சிவப்பு ஓரம் போட்ட மஞ்சள் பட்டைக்குள்ள, பட்டையோட மேல் மூலை சுருட்டி விட்ட மாதிரி இருக்கு. பக்கத்துல ரெண்டு வட்ட முத்திரை, அதுக்குக் கீழ முட்டை வடிவத்துல ஒண்ணு. அந்த முட்டைக்குள்ள மேல ஒரு எழுத்து, கீழ மூணு படுக்கைக் கோடு.

துண்டுல வேலைப்பாடு: ஒரு சதுரம், அதுக்குள்ள ஒரு சதுரம், அதுக்குள்ள இன்னொண்ணு. துண்டு முழுக்க அதேதான்.

மரப்பாச்சி · திங்கள், காலை 6:20

குமரன் தம்பி, காபி கூட குடிக்காம எழுதறேன். உங்க கையில இருக்கறது யோசாபுரோ!

உங்க போன் பாவம், எழுத்தைத் தனித்தனியா படிச்சிருக்கு. "கிராரே யோசா", அதாவது வெட்டுப்பட்ட யோசா. "யோ"வுக்கு எழுதற எழுத்துக்குக் கொடுக்கறதுன்னு அர்த்தம், "சா"வுக்கு எழுதறது மூணு. அதான் உங்களை மூணு கொடுக்கச் சொல்லுது.

கதை இதுதான். யோசாபுரோ நல்ல வீட்டுப் பையன். கடற்கரைல ஒதோமின்னு ஒருத்தியைப் பார்க்கறான், ரெண்டு பேருக்கும் பிடிச்சுப் போகுது. அவ ஒரு ரவுடித் தலைவனோட ஆசைநாயகி. மாட்டிக்கறாங்க. யோசாவை உடம்பெல்லாம் கீறி விட்டுடறாங்க, மொத்தம் 34 வெட்டு. ஒதோமி கடல்ல குதிச்சுடறா. மூணு வருஷம் கழிச்சு, இவன் மிரட்டிக் காசு பிடுங்கற சில்லறை ரவுடியா, கூட்டாளியோட ஒரு வீட்டுக்குப் போறான். அங்க உட்கார்ந்திருக்கறவ ஒதோமி. செத்துட்டாள்னு நினைச்சவ, வேற ஒருத்தர் தயவுல சௌக்கியமா இருக்கா. துண்டை அவுத்து முகத்தைக் காட்டி, என்னை மறந்துட்டியான்னு கேக்கற இடம்தான் உங்க படம். அந்த முறைப்பு யாரைப் பார்த்துன்னு இப்ப புரியுதா?

இன்னிக்கும் இந்தக் காட்சியை ஆடறாங்க. முதல்ல மேடையேறினது 1853, எடோ நகரத்து (இன்னிக்கு டோக்கியோ) நகாமுரா அரங்குல. எழுதினவர் மூன்றாம் செகாவா ஜோகோ.

பழையபேப்பர் · திங்கள், காலை 8:50

மரப்பாச்சி அம்மா கதையைச் சொல்லிவிட்டார், நான் முத்திரையைச் சொல்கிறேன்.

சுருட்டிய மூலையுள்ள பட்டைக்குள் இருப்பது தொயோகுனி என்ற கையெழுத்து. குனிசாதா என்ற ஓவியர்தான் அவர். தன் குருவின் பெயரை 1844இல் எடுத்துக்கொண்டார். இரண்டு வட்டங்களும் தணிக்கை பார்த்த ஊர்த் தலைவர்களின் பெயர் முத்திரைகள். முட்டை வடிவ முத்திரை தேதி. மேலே இருக்கும் எழுத்து எருது, கீழே மூன்று கோடு என்றால் மூன்று. எருது ஆண்டு (அங்கே ஆண்டுகளுக்கு விலங்குப் பெயர்) மூன்றாம் மாதம். இந்த மூன்று முத்திரைகளும் சேர்ந்து வருவது 1852க்கும் 1853க்கும் இடையில்தான், அதில் எருது ஆண்டு 1853. நாடகம் மேடையேறிய அதே மாதம். உங்கள் படம் சுடச்சுட விற்ற சரக்கு.

அந்தச் சதுரங்கள் அரிசி அளக்கும் மரப்படிகள். பெரிதுக்குள் நடு, நடுவுக்குள் சிறிது என்று மேலிருந்து பார்த்த தோற்றம். டான்ஜூரோ என்ற பெயரைத் தலைமுறைதோறும் ஏற்கும் இச்சிகாவா நடிகர் குடும்பத்தின் சின்னம் அது. 1853இல் யோசாபுரோவாக ஆடியவர் எட்டாம் டான்ஜூரோ. ஆள் அகப்பட்டார்.

கவாசாக்கி குமரன் · திங்கள், மதியம் 12:30

ஆபீஸ்ல உட்கார்ந்து இதைப் படிச்சு சிரிக்கறேன், பக்கத்து சீட்டு தனாகா என்னன்னு கேக்கறார். டான்ஜூரோன்னு சொன்னதும் அவருக்கே தெரிஞ்சிருக்கு. 2022ல பதிமூணாம் டான்ஜூரோ பட்டம் கட்டினாங்களாமே, அதே வழியாம்.

ஒரு சந்தேகம். வேஷத்தோட பேர் இருக்கு, ஓவியர் பேர் இருக்கு. நடிகர் பேர் மட்டும் ஏன் இல்ல? போஸ்டர்ல ஹீரோ பேர் போடாம விடுவாங்களா?

பழையபேப்பர் · திங்கள், மாலை 6:40

இதைத்தான் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன்.

1842இல் எடோ அரசு ஆடம்பர ஒழிப்பு என்று கிளம்பியது. நடிகர் படமும் கணிகையர் படமும் அச்சிடக் கூடாது என்று ஆணை. நாடகக் கொட்டகைகளை ஊர் நடுவிலிருந்து பெயர்த்து அசாகுசா பக்கம் சாருவாகா-சோவுக்குத் துரத்தினார்கள். எட்டாம் டான்ஜூரோவின் அப்பா, ஏழாமவர், மேடையில் உண்மையான போர்க்கவசம் அணிந்தார், வீட்டில் சொகுசாக வாழ்ந்தார் என்று எடோவை விட்டே விரட்டப்பட்டார். திரும்பி வர ஏழு வருடம் ஆயிற்று.

படம் விற்றுப் பிழைத்தவர்கள் என்ன செய்வார்கள்? குனியோஷி என்ற இன்னொரு ஓவியர் இருந்தார், குனிசாதாவுக்குப் போட்டி. அவர் ஒரு வேலை செய்தார். சுண்ணாம்புச் சுவரில் யாரோ ஆணியால் கிறுக்கிய மாதிரி கோணல் மாணலாக முகங்களைப் போட்டார், நடுவில் தலையில் துண்டு கட்டி ஆடும் பூனை ஒன்று. கேட்டால் சுவர்க் கிறுக்கல்தானே! எடோக்காரன் பார்த்த மாத்திரத்தில் மூக்கை வைத்தும் தாடையை வைத்தும் ஒவ்வொரு நடிகரையும் சொல்லியிருப்பான். தங்கமீனுக்கும் நடிகர் முகம் வைத்தார் அதே மனிதர்.

சில வருடத்தில் பிடி தளர்ந்தது. நடிகர் படங்கள் திரும்பி வந்தன, பெயர் மட்டும் வரவில்லை. 1850களில் வேஷத்தின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. அரசுக்கும் தெரியும், பதிப்பாளருக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். உங்கள் படத்தில் பெயருக்குப் பதில் துண்டு முழுக்கச் சின்னத்தை அள்ளி இறைத்திருக்கிறார் பாருங்கள். இதைக் காட்டிலும் உரக்க ஒரு பெயரைக் கத்த முடியாது.

ஷராகுதாசன் · திங்கள், இரவு 9:10

எல்லாம் சரி. ஆனா குனிசாதாவை இந்த அளவுக்குத் தூக்கணுமா? அவர் பட்டறை ஒரு தொழிற்சாலை. எல்லா முகமும் ஒரே நீளம், எல்லா வாயும் ஒரே கோணல். நடிகர் முகம்னா ஷராகு மட்டும்தான். 1794 மே மாசம் எங்கிருந்தோ வந்தார். முதல் வீச்சுலயே 28 பெரிய முகங்கள், கறுப்பு அப்ரகப் பின்னணில. பத்து மாசத்துல 140க்கு மேல போட்டுட்டு 1795 ஆரம்பத்துல காணாமப் போனார். ஆள் யாருன்னே அந்தக் காலத்துல சரியாத் தெரியாது. அவாப் பிரபுவோட நோ நாடகக் (முகமூடி போட்டு ஆடற பழைய நாடகம்) கலைஞர் சாய்தோ ஜூரோபேதான்னு 1844 குறிப்பு ஒண்ணு சொல்லுது.

மூன்றாம் ஓதானி ஒனிஜி, எடோபேங்கற அடியாளா நிக்கற படத்தைப் பாருங்க. அந்த ரெண்டு கையும்! உடம்போட சேராத மாதிரி சட்டைக்குள்ளேருந்து பிதுங்கி, விரல் விரிஞ்சு. பணப்பையைப் பிடுங்கப் போற கை. அதை விட்டுட்டு இந்த அழகுப் பையன் படத்துக்கு இவ்வளவு பேச்சு.

மரப்பாச்சி · திங்கள், இரவு 10:00

தாசன் அண்ணா, ஷராகுவைப் பிடிக்காதுன்னு யார் சொன்னா? ஆனா ஒண்ணு யோசிங்க. அந்தக் கை எதுக்காக அப்படி இருக்குன்னு நாடகம் தெரிஞ்சவனுக்குத்தான் புரியும். பக்கத்துப் படமா இச்சிகாவா ஓமேசோ, இப்பேங்கற வேலைக்காரனா, கத்தியை உருவிட்டு நிக்கறாரே, ரெண்டையும் சேர்த்து வெச்சாத்தான் காட்சி முழுசு. நீங்க கொண்டாடற மேதையும் அந்த மாசம் ஓடின நாடகத்துக்கு விளம்பரம் போட்டவர்தான்.

அவர் ஏன் பத்து மாசத்துல நின்னார்னு கேளுங்க. ஓதா நன்போங்கற எழுத்தாளர் எழுதி வெச்சிருக்கார்: நடிகர் முகத்தை அப்படியே வரையணும்னு போய், வரையக் கூடாததை வரைஞ்சார், அதனால நீடிக்கலன்னு. மூன்றாம் சனோகாவா இச்சிமாட்சு கியோன் வட்டாரத்துப் பெண்ணா நிக்கற படத்துல ஆம்பளைத் தாடை அப்படியே தெரியுது. அம்பது வயசு ஆம்பளை பதினாறு வயசுப் பொண்ணா நடிக்கறதை நம்பிக் கண்ணீர் விடறவ, வீட்டுக்கு எடுத்துட்டுப் போகற படத்துல அந்தத் தாடையைத் தேடுவாளா?

(இச்சிமாட்சுன்னதும் ஞாபகம் வருது. டோக்கியோ ஒலிம்பிக் சின்னத்துல கட்டம் கட்டமா இருந்துச்சே, அந்த வேலைப்பாட்டுக்கே இச்சிமாட்சுன்னுதான் பேரு. முதலாம் இச்சிமாட்சு அந்தத் துணியை மேடைல கட்டினார், ஊரே கட்டிக்கிச்சு.)

ஷராகுதாசன் · திங்கள், இரவு 10:25

தாடை தெரியறதுதான் அக்கா உண்மை. நடிகனும் தெரியணும், வேஷமும் தெரியணும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கணும். குனிசாதாகிட்ட வேஷம் மட்டும்தான் இருக்கு.

பழையபேப்பர் · திங்கள், இரவு 11:30

ஷராகுவுக்கு முன்னால் நடந்ததை இரண்டு பேரும் தாண்டிவிட்டீர்கள். ஆரம்பத்தில், தொரி என்ற ஓவியர் குடும்பம் கொட்டகைப் பலகை எழுதிய காலத்தில், நடிகர் படத்தில் முகமே கிடையாது. சுரைக்காய் போலக் கால், மண்புழு போலக் கோடு, முகம் எல்லாருக்கும் ஒன்று. ஆள் யார் என்று சட்டையில் இருக்கும் சின்னத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1765 வாக்கில் பல வண்ண அச்சு வந்தது. அதற்குப் பிறகு காட்சுகாவா ஷுன்ஷோவும் புன்சோவும் 1770இல் விசிறி வடிவத்துக்குள் நடிகர் முகங்களை வரைந்து புத்தகமாகப் போட்டார்கள். அங்கேதான் இந்த மூக்கு இன்னாருடையது என்ற ஆட்டமே ஆரம்பம். நடிகர் ஐந்தாம் மாட்சுமோதோ கோஷிரோவுக்குப் பட்டப்பெயரே மூக்கு நீண்ட கோஷிரோ. எந்த ஓவியர் வரைந்தாலும் அந்த மூக்கு தவறாது. பெரிய அலை ஓவியத்துக்குப் பெயர்போன ஹொகுசாயே ஷுன்ஷோவின் பட்டறையில் ஷுன்ரோ என்ற பெயரில் நடிகர் படம் போட்டுத்தான் கை பழகினார்.

ஷராகு வானத்திலிருந்து விழவில்லை. குனிசாதாவிடம் முகம் இல்லை என்பதையும் நான் ஒப்பமாட்டேன். பெயர் போடத் தடை இருந்தபோது அவர் முகத்தை நம்பித்தான் வியாபாரம் நடந்தது. அடையாளம் தெரியாவிட்டால் யார் காசு கொடுப்பான்? கடைசிக் காலத்தில் பட்டறை சலித்துப் போனது உண்மை, அதை உங்களுக்கு விட்டுத் தருகிறேன்.

கீறல் · செவ்வாய், அதிகாலை 1:15

ஓவியர்கள் பேரையே சொல்லிட்டு இருக்கீங்க, செதுக்கினவனைப் பத்தி ஒருத்தர் கூடப் பேசல. நான் மரச்செதுக்கு செய்யறவன், கோபம் வருது.

குமரன் ப்ரோ, பூதக்கண்ணாடிய எடுத்து யோசாவோட நெத்திக்கும் முடிக்கும் நடுவுல வைங்க. முடி நுனி ஒவ்வொண்ணும் தனித்தனிக் கோடா, கடைசில ஊசி மாதிரி கூராகுது இல்ல? அது பேனாக் கோடு இல்ல. ஓவியர் மெல்லிய தாள்ல வரைஞ்சு கொடுப்பார். அதைக் குப்புற, காட்டுச் செர்ரிப் பலகைல ஒட்டி, கோட்டை விட்டுட்டு ரெண்டு பக்கமும் மரத்தை எடுக்கணும். ஓவியர் வரைஞ்ச தாள் அதோட போச்சு. முடிக் கோடுன்னா அந்த மயிர் நிக்க, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கத்தி. ஒரு மில்லிமீட்டர்ல ரெண்டு மூணு நிக்கும். பட்டறைல மூத்த கைதான் தலையைச் செதுக்கும், துணி மடிப்பும் பின்னணியும் சின்னப் பசங்க. குனிசாதா படங்கள்ல யோகோகாவா தகெஜிரோங்கற செதுக்குநர் பேர் சிலதுல ஓவியர் பேருக்குப் பக்கத்துலயே இருக்கும். அவ்வளவு மரியாதை.

அப்புறம் நிறத்துக்கு ஒண்ணுன்னு தனிப் பலகை. எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சரியா விழறதுக்குப் பலகையோட மூலைல ஒரு முழங்கை மாதிரி வெட்டு, ஓரத்துல ஒரு நேர்வெட்டு. தாளை அதுல முட்டி வெச்சு மேல பாரென் போட்டுத் தேய்க்கணும், மூங்கில் உறை சுத்தின வட்டமான தேய்ப்பான். எந்திரம் கிடையாது. நான் மூணு நிறத்துல ஒரு படம் போட்டேன். ஈரத்துல தாள் நீண்டுடுச்சு, உதடு கன்னத்துக்குப் போயிடுச்சு. 1842 ஆணைல எட்டுப் பலகைக்கு மேல கூடாது, விலை 16 மோனுக்கு (அந்தக் காலத்துச் செப்புக்காசு) மேல கூடாதுன்னு வேற இருந்துச்சு. 16 மோன் ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலை. அந்த மயிருக்கு!

கவாசாக்கி குமரன் · செவ்வாய், காலை 7:30

கீறல் ப்ரோ, பார்த்தேன். பத்து நிமிஷம் அந்த நெத்தியையே பார்த்துட்டு இருந்தேன், ரயிலை விட்டுட்டேன்.

ஒரு கேள்வி. தனாகா நேத்து ஒண்ணு சொல்லி நிறுத்திட்டார். இந்த எட்டாம் டான்ஜூரோ சின்ன வயசுலயே போயிட்டாராமே?

மரப்பாச்சி · செவ்வாய், இரவு 8:45

ஆமா தம்பி. 1854, அடுத்த வருஷமே.

அவர் பத்து வயசு வாக்குலயே டான்ஜூரோ ஆயிட்டார். அப்பா எடோவை விட்டுப் போயிருந்த காலத்துல குடும்பம், கொட்டகை, கடன் எல்லாம் இவர் தலைல. அப்பா திரும்பி வரணும்னு வேண்டுதல் வெச்சு விரதம் இருந்தார்னு, பிதுர்பக்திக்காக 1845ல நகர நீதிபதி பரிசே கொடுத்தார். அப்பாவை விரட்டினதும் அதே அரசு. இவர் மேல எடோப் பொண்ணுங்களுக்கு இருந்த பைத்தியம் சொல்லி மாளாது. யோசாபுரோ அந்தப் பைத்தியத்தோட உச்சம்.

1854ல அப்பாவோட சேர்ந்து ஒசாகால நடிக்கப் போனார். முதல் நாள் ஆட்டத்துக்கு முன்னால, தங்கியிருந்த இடத்துல தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார். அவங்க கணக்குப்படி வயசு 32. ஏன்னு யாருக்கும் சரியாத் தெரியாது.

செய்தி எடோ வந்ததும் பதிப்பாளருங்க பலகையைத் தூக்கிட்டாங்க. ஷினி-எ, சாவுப் படம்னு ஒரு வகை உண்டு. நடிகர் இறந்தா உடனே வரும்: வெளிர் நீல உடை, இறந்த தேதி, இறந்தபின் சூட்டின பேர், புதைச்ச கோயில். இவருக்கு மட்டும் நூறு வகைக்கு மேல வந்துச்சு. பாதில ஓவியர் பேர் இல்ல, தணிக்கை முத்திரை இல்ல, அவ்வளவு அவசரம். ஒண்ணுல புத்தர் பரிநிர்வாணம் மாதிரி இவர் படுத்திருக்கார், சுத்தி சீடர்களுக்குப் பதிலா பொண்ணுங்க, கிழவிங்க, எல்லாரும் அழறாங்க. சிரிக்கறதா அழறதான்னு தெரியாத படம்.

பழையபேப்பர் · செவ்வாய், இரவு 9:20

அந்த வகையில் என்னிடம் ஒன்று இருக்கிறது. பூக்கூடை பிடித்து நிற்கிறார். தாள் மட்டம், அச்சும் மட்டம், நிறம் வழிந்திருக்கிறது. முகத்தின் நீளத்தை மட்டும் சரியாகப் பிடித்திருக்கிறான் யாரோ பெயரில்லாதவன். என்னிடம் உள்ளவற்றில் அதை மட்டும் நான் விற்கமாட்டேன். அதுதான் அட்டையில் ஒட்டிப்போன படமும்.

குமரன், உங்கள் படத்தை வெயிலில் மாட்டாதீர்கள். துணியில் ஊதா இருந்தால் அது குசும்பப்பூச் சிவப்பும் நீலமும் கலந்தது, வெளிச்சம் பட்டால் சிவப்பு முதலில் போகும். அமிலமில்லாத காகித உறை, படுக்கைவசம், இருட்டு. மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், போதும்.

இன்னொன்று, படத்தின் இரு ஓரங்களையும் கவனியுங்கள். பாதியில் வெட்டுப்பட்ட சட்டை நுனி, பாய் விளிம்பு ஏதாவது இருக்கிறதா?

கவாசாக்கி குமரன் · செவ்வாய், இரவு 9:50

இருக்கு சார்! வலது ஓரத்துல வேற யாரோ ஒருத்தரோட கட்டம் போட்ட துணி ஒரு விரல் அகலம். நான் யோசாவோட சட்டைன்னு நினைச்சேன். இடது ஓரத்துல கீழ ஒரு பெட்டியோட மூலை மட்டும்.

பழையபேப்பர் · செவ்வாய், இரவு 10:05

மூன்று தாள் சேர்ந்த படம். உங்களிடம் இருப்பது நடுத் தாள். வலதில் கூட்டாளி கோமோரி யாசு, கன்னத்தில் வௌவால் பச்சை குத்தியவன். இடதில் ஒதோமி. இவற்றைத் தனித்தனியாகவும் விற்பார்கள், அதனால் ஒவ்வொன்றும் தனியாக நிற்கிற மாதிரிதான் அமைப்பார்கள். வசேதா பல்கலைக்கழக நாடக அருங்காட்சியகத்தின் இணையச் சேகரிப்பில் நாடகப் படங்கள் பல்லாயிரம் இருக்கின்றன, அங்கே தேடுங்கள்.

ஷராகுதாசன் · செவ்வாய், இரவு 10:40

வசேதால தேடறதுக்கு முன்னாடி அதே பெட்டிலயே தேடுங்க பாஸ். (ஒரு குனிசாதாவுக்காக நான் இதைச் சொல்றேன்னு யாரும் வெளில சொல்லாதீங்க.)

கவாசாக்கி குமரன் · ஞாயிறு, மாலை 5:20

போயிட்டு வந்தேன். மழை இல்ல, பெட்டி உள்ள இருந்துச்சு. அடியில, கிழிஞ்ச உறைல, கன்னத்துல வௌவால். கட்டம் போட்ட சட்டை. என் படத்தைக் கையோட கொண்டு போயிருந்தேன், பக்கத்துல வெச்சேன். ஒரு விரல் துணி அப்படியே தொடருது. அதே எருது, அதே மூணு கோடு.

நான் குதிச்சதைக் கடைக்காரத் தாத்தா பார்த்துட்டார். விலை 12,000 யென் ஆயிடுச்சு. கொடுத்துட்டேன்.

ஒதோமி இல்ல. தாத்தாகிட்ட போனைக் காட்டிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். குளிச்சிட்டு வந்து கண்ணாடி முன்னால முகத்துக்குப் பூசிக்கிட்டு இருக்கற பொண்ணு படம் ஒண்ணு இந்தப் பெட்டிலதான் இருந்துச்சாம். போன வசந்த காலத்துல ஒருத்தர் வந்து, பொண்ணு படம் மட்டும் போதும்னு வாங்கிட்டுப் போனாராம்.